சுற்று வழி

“எத்தனை தடவை வந்திருக்கே? இன்னுமாடா உனக்கு வழி தெரியலை?”

அக்காவுக்குக் கோபம் தாங்கவில்லை. அப்பாவை ஊசிக்குக் கூட்டிப் போக இந்த முறைதான் அவள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். ஆஸ்பத்திரி முன்வாசலில் இறங்கியதும், தம்பி உள்ளே போகாமல் கட்டடத்தைச் சுற்ற ஆரம்பித்துவிட்டான். சலவை அறை, சமையல்கூடம், ஆக்சிஜன் சிலிண்டர்கள் அடுக்கிய சந்து. அப்பா சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார்.

“இதுதான்க்கா சுருக்கு வழி.”

“இதுவா? இன்னும் கொஞ்சம் நடந்தா நம்ம வீடே வந்துடும் போலிருக்கு.”

அப்பா சிரித்தார். “விடும்மா. சின்ன வயசுலயே இவன் இப்படித்தான். பள்ளிக்கூடம் போகச் சொன்னா மைதானத்துக்குப் போயிடுவான்.”

தம்பியும் அசட்டுச் சிரிப்பு சிரித்து வைத்தான்.

அழுக்குத் துணி வண்டியோடு ஒட்டி நின்றபடி, சாமான் ஏற்றும் லிஃப்டில் மேலே போனார்கள். பின்கதவு வழியாக வார்டுக்குள் நுழைந்தார்கள். நர்ஸ் அப்பாவைப் படுக்க வைத்து மருந்து ஏற்றினாள்.

“நானே போய் நல்ல வழியா பார்த்துட்டு வரேன். உன்னை நம்பினா அவ்வளவுதான்.”

“வேண்டாம்க்கா...”

அவள் கேட்கவில்லை. வார்டின் முன்கதவைத் திறந்தாள். எதிரிலேயே லிஃப்ட். நேராகக் கீழே, முன்வாசலுக்கு. இவ்வளவு கிட்டவா? தம்பியைப் பிடித்து உலுக்கிவிடும் வேகத்தில் திரும்பினாள்.

கதவுக்கு மேலே பெரிய எழுத்தில் ஒரு போர்டு: ‘புற்றுநோய்ப் பிரிவு’.

வயிற்றுப்புண் என்றுதான் இருவரும் அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

பின்னாலேயே வந்த தம்பி மெதுவாகச் சொன்னான். “அப்பா ஒரு போர்டு விடாமப் படிப்பார்க்கா.”

அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

மருந்து இறங்கி முடிந்தது.

“நான் காரை முன்வாசலுக்குக் கொண்டு வரேன். நீ அப்பாவை...”

“வந்த வழியாவே கூட்டிட்டு வரேன். நீ போடா.”

அப்பாவைக் கைத்தாங்கலாகப் பின்கதவுப் பக்கம் திருப்பினாள். அவர் நகரவில்லை.

“அவன் போயிட்டானா?”

“போயிட்டான்ப்பா.”

“அப்ப இப்படி வா.”

முன்கதவைத் தள்ளித் திறந்தார். தலைக்கு மேலிருந்த போர்டை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் லிஃப்ட் பட்டனை அழுத்தினார்.

“அப்பா...”

“முட்டி கெஞ்சுதும்மா. அவன் கூட இல்லாதப்பவாவது நேரா போறேனே.”

லிஃப்ட் கதவு மூடியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்க்காதவர் போல அப்பா சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

“காரைப் பார்த்ததும் நான் கொஞ்சம் மூச்சு வாங்குவேன். நீ மறக்காம அவனைத் திட்டிடு.”