காய்ந்து கிடந்த தரை

கார் ஷெட்டின் தரை காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்துத்தான் உமர் பாருக் வாசலிலேயே நின்றுவிட்டார்.

ஆனி மாதச் சாரல். கம்பம் ஊரில் மூன்று நாளாக வெயிலே இல்லை. சுவர் வேர்த்தது, தலையணை நசநசத்தது, ஜாடியில் உப்பு கரைந்து நின்றது. ஷெட்டில் போட்டிருந்ததோ எபாக்சி தரை. கண்ணாடி மாதிரி வழவழப்பு. சாரல் காலத்தில் விடிவதற்குள் அதன்மேல் பனி பூத்தாற்போல் ஈரம் படிந்துவிடும். யாராவது துடைத்தால்தான் காயும்.

வீட்டில் அவரைத் தவிர யாருமில்லை.

மனைவி லத்திபா இறந்து வருகிற ஆடியோடு ஒரு வருடம். அதே தரையில்தான் வழுக்கி விழுந்தாள். பின்மண்டையில் அடி. தேனிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

தரை போட வந்த மதுரைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"சோப்புத்தண்ணி தேங்கக் கூடாது. சாரல் மாசத்துல தெனமும் விடியக்காலம் வைப்பரால தள்ளி, காய்ஞ்ச துணியால தொடச்சிரணும். இல்லைன்னா ஆளைத் தூக்கி அடிச்சிரும்."

அந்த வேலை சோணையம்மாளுடையது. பன்னிரண்டு வருடமாக வீட்டு வேலைக்கு வந்தவள். லத்திபாவை அடக்கம் செய்த மறுநாள், தெருவே கூடி நிற்க, உமர் பாருக் அவளைப் பார்த்துக் கத்தினார்.

"ஒருநாள் தொடைக்காம விட்டு எம்பொஞ்சாதியக் கொன்னுட்டியே! இனி இந்த வாசல்ல கால் வைக்காத!"

சோணையம்மாள் தலையைக் குனிந்துகொண்டே போனாள்.

இப்போது யார் துடைப்பது?

இரண்டாம் நாளும் தரை காய்ந்திருந்தது. மூலையில் மாப்பு தலைகீழாக நின்றது. துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. லத்திபா அப்படித்தான் வைப்பாள். ஷட்டரில் அவர் போட்ட பூட்டு போட்டபடியே தொங்கியது.

மூன்றாம் நாள், பாங்கு சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால், சத்தமே கேட்டது.

சர்ர்... சர்ர்...

செத்தவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் போர்வைக்குள் வியர்த்துப்போய்க் கிடந்தார். விடிந்ததும் சென்னையில் வேலை பார்க்கும் மகனுக்குப் போன் போட்டார்.

"ஆசாத்து, உங்கம்மா வர்றாடா."

"என்ன அத்தா சொல்றீக?"

"வந்து தரையைத் தொடைக்கிறா. ஷெட்டுல கேமரா வச்சிருக்கேல்ல, உன் போன்ல பாரு."

கேமராவைப் பார்த்துவிட்டு ஆசாத்தே திரும்பக் கூப்பிட்டான்.

"பாத்துட்டேன் அத்தா. யாருமில்ல."

"நல்லாப் பாத்தியா?"

"தரை தானாத்தான் காயுது. தனியா இருக்கீகல்ல, மனசு எதையாச்சும் நெனைக்கும். பேசாம இருங்க."

கேமராவுக்கும் தெரியவில்லையா? உமர் பாருக்குக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயத்துக்கு நடுவே, ஒரே ஒரு தடவை அவளைப் பார்த்துவிட மாட்டோமா என்ற ஆசையும் எழுந்தது.

மறுநாள் விடியற்காலம், இருட்டு விலகுமுன்பே காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் மூச்சிலேயே கண்ணாடி மங்கியது. கையால் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

பக்கவாட்டுக் கதவு சத்தமில்லாமல் திறந்தது.

தலையோடு வெள்ளைத்துணி போர்த்திய ஒரு பெண் உருவம். குனிந்தது. சர்ர்... சர்ர்... பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து காரை நோக்கி வந்தது.

"லத்திபா..."

சொன்னது அவர் காதுக்கே கேட்கவில்லை. கை தானாகப் போய் ஹெட்லைட்டைப் போட்டது. உருவம் திடுக்கிட்டுத் திரும்பியது.

சோணையம்மாள்.

பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினார்.

"நீயா? எப்படி உள்ள வந்த?"

"இந்தக் கதவுச் சாவி எங்கிட்டயே தங்கிப்போச்சு மொதலாளி. சாரல் எறங்கிருச்சு. நீங்க தொழுகைக்கு இங்கன கூடித்தான போவீக... வழுக்கிரும்."

"அன்னைக்கு எங்கடி போச்சு இந்த அக்கறை?"

அவள் மறுபடி குனிந்தாள்.

"அந்த ஓரம் மட்டும் பாக்கி மொதலாளி. தொடச்சிட்டுப் போயிர்றேன்."

அந்த அமைதிதான் அவரை இன்னும் கொதிக்க வைத்தது. போனை எடுத்து மகனை எழுப்பினார்.

"டேய், வந்தது உங்கம்மா இல்லடா. அவளைக் கொன்னவ! கள்ளத்தனமா உள்ள நுழைஞ்சிருக்கா. இப்பவே போலீசுல புடிச்சுக் குடுக்கப் போறேன்."

மறுமுனையில் ஆசாத் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"ஆசாத்து?"

"வேணாம் அத்தா. அவுக வர்றதைக் கேமராவுல பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்."

"எதுக்குடா?"

"அம்மா விழுந்த அன்னைக்குப் பதிவானதையும் அப்பவே பாத்தேன். அஞ்சு மணிக்கே சோணையம்மாக்கா வந்து, ஒரு சொட்டு ஈரமில்லாமத் தொடச்சிட்டுத்தான் போனாக."

"பெறகு எப்படிடா..."



"ஆறு மணிக்கு, கல்யாணத்துக்குப் போறதுக்காக, ஷாம்பு போட்டு உள்ளயே காரைக் கழுவிட்டு, தண்ணியத் தள்ளாமக் கெளம்பிப் போனது நீங்கதான் அத்தா. உங்ககிட்டச் சொல்ல வந்த என்னைத் தடுத்ததே சோணையம்மாக்காதான். 'மொதலாளிக்குத் தெரிஞ்சா உசுர வச்சிருக்க மாட்டாக தம்பி, பழி எம்மேலயே கெடக்கட்டும்'னு என்னையக் கும்புட்டாக."