கம்பெனி இல்லாத போன்

கைகள் கட்டப்பட்டிருந்த நவெஜ் வாயைத் திறந்தான். கபம்பாவின் முஷ்டி அந்த வாயிலேயே இறங்கியது. இரண்டு பற்கள் தரையில் தெறித்தன.

"டேய் கபம்பா, அவனைப் பேச விடுடா! வாயைத் திறக்கறப்பல்லாம் வாயிலேயே குத்தினா போன் திறக்கற நம்பரை எப்படிடா சொல்லுவான்?" என்றான் மோங்கா. கொல்வேசி நகரத்துக்குப் பக்கத்து கோபால்ட் சுரங்கம் ஒன்றின் காவல் படைக்கு அவன்தான் தலைவன். மேசையில் புக்காரிக் களியும் மீன் குழம்பும் இருந்தன. எதிரே ஒருவன் அடிபட்டுச் சாகும்போதும் பசிக்கிற வயிறு அவனுக்கு.

"கோவம் அடங்கல பாஸ்," என்று கையை உதறினான் காவலாளி கபம்பா.

போன வாரம் வேலி தாண்டி கோபால்ட் கல் பொறுக்க வந்த ஆறு பேரை மோங்கா சுட்டுத் தள்ளினான். காவலாளிகளில் எவனோ அதை ஒளிந்திருந்து வீடியோ எடுத்து, சந்தையில் போன் ரிப்பேர் பார்க்கும் நவெஜுக்கு அனுப்பிவிட்டான். நவெஜ் அதை ஊர் முழுக்கப் பரப்பினான். அனுப்பியவன் யாரென்று அவனுக்கே தெரியாது. ஆனால் அந்த ஆளின் நம்பர் நவெஜின் போனுக்குள் இருந்தது. அது மோங்கா கையில் கிடைத்தால் அந்த ஆள் இன்றே பிணம்.

மோங்கா நவெஜின் போனை எடுத்து ஆட்டினான். "மத்த போனை எல்லாம் நம்ம பையன் அஞ்சு நிமிஷத்துல திறந்துடறான். இது மட்டும் ஏன்டா திறக்க மாட்டேங்குது? எந்தக் கம்பெனிடா?"

நவெஜ் ரத்தத்தைத் துப்பினான். "உள்ள ஓடற சாஃப்ட்வேர் எந்தக் கம்பெனியோடதும் இல்ல. உலகம் பூரா ஆளுங்க சேர்ந்து எழுதி, சும்மா குடுக்கறாங்க. யார் வேணா பிரிச்சுப் பார்க்கலாம், மாத்தி எழுதலாம். இன்னும் கொஞ்ச வருஷத்துல எல்லாப் போன்லயும் இதுதான்."

மோங்கா விழுந்து விழுந்து சிரித்தான். "ஓசிச் சரக்கு! உன்னை விட்டா இதை எவன்டா சீந்துவான்?" சிரித்துக்கொண்டே இரும்புக் குழாயை எடுத்து நவெஜின் விலாவில் ஓங்கி அடித்தான்.

"ஐயோ... சொல்லிடறேன்! நாலு, ஒண்ணு, ஒம்போது, ரெண்டு!"

கபம்பா மறுபடியும் கையை ஓங்கினான். மோங்கா அவனைத் தள்ளிவிட்டுத் தானே எண்களை அழுத்தினான்.

திரை இருண்டு, பிறகு இன்றுதான் கடையில் வாங்கிய போன் மாதிரி பளிச்சென்று விழித்தது. உள்ளே ஒரு படம் இல்லை, ஒரு நம்பர் இல்லை.

"என்னடா பண்ணினே?"

"இதுக்கு ரெண்டு நம்பர். ஒண்ணு திறக்கும், இன்னொண்ணு அழிக்கும். நீ அவசரப்பட்டு அழுத்திட்டே."

மோங்கா பூட்ஸ் காலால் அவன் முகத்தை மிதித்தான். தனக்கு மூச்சு வாங்கும்வரை மிதித்தான். "இவனைக் கொண்டுபோய்ப் பழைய குழியில தள்ளுடா!"

கபம்பா நவெஜைக் காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போனான். குழியின் ஓரத்தில் போட்டுவிட்டு, இடுப்புக் கத்தியை உருவினான். நவெஜ் கண்களை இறுக மூடிக்கொண்டான். சாகப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும், முகம் தெரியாத அந்த ஆள் தப்பித்தான் என்பதில் ஒரு நிம்மதி.

கத்தி, நவெஜின் கையில் கட்டியிருந்த கயிற்றை அறுத்தது. கபம்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவன் காதருகே குனிந்தான்.

"நான் அடுத்த வீடியோ அனுப்பறதுக்கு முன்னாடி, என் போன்லயும் அந்த ஓசிச் சரக்கைப் போட்டுக் குடுண்ணே."