அளவுக்குள்

"முப்பத்தெட்டு ஆலையோட கழிவுக் குழாயும் தனித்தனியா சரின்னா, ஆத்துல மட்டும் எப்படிம்மா தப்பு வரும்?"

கொக்கிரகுளம் படித்துறையில் நின்றுகொண்டு பரமசிவன் கேட்டார். அறுபத்தைந்து வயதிருக்கும். தாமிரபரணி ஆய்வுக்குப் பண உதவி வேண்டும் என்று கெசியா செய்தித்தாளுக்கு எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு, ஆற்றங்கரையிலேயே சந்திக்கலாம் என்று அவராகத்தான் போன் செய்திருந்தார்.

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் நடத்தும் கெசியாவுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. கையிலிருந்த பாட்டிலை ஆற்றில் அமிழ்த்தி எடுத்து மூடினாள்.

"ஒரு டம்ளர் காப்பிக்கு ஒரு கரண்டி சீனி அளவுதான் அண்ணாச்சி. அதே டம்ளர்ல முப்பத்தெட்டுப் பேரு ஆளுக்கு ஒரு கரண்டி போட்டா குடிக்க முடியுமா?"

"முடியாதுதான். அப்ப இதை ஏன் யாரும் சேத்துப் பாக்கல?"

"பாக்கத்தான் மூணு இடத்துல பணம் கேட்டேன். 'ஒவ்வொரு ஆலையும் அனுமதித்த அளவுக்குள் இருப்பதால் ஆய்வுக்குத் தேவை எழவில்லை'ன்னு மூணு பேரும் சொல்லி வச்ச மாதிரி எழுதுதாங்க. இந்த மாசத்தோட லேபைப் பூட்டணும். ஏரலுக்குக் கீழ மீனு ஏன் செத்து மிதக்குன்னு தெரியாமலே போயிரும்."

பரமசிவன் பாட்டிலை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இது ஐப்பசித் தண்ணி. மழை எல்லாத்தையும் கலைச்சிரும். சித்திரையில எடுத்தியா? ஆறு வத்தினாத்தான் சங்கதி வெளிய வரும்."

கெசியா நிமிர்ந்து பார்த்தாள். வண்ணார்பேட்டையில் கடை வைத்திருப்பவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். கடைக்காரர் இதைக் கேட்க மாட்டார். பிறகு யார் இவர்? ஆலைக்காரர்கள் யாராவது வேவு பார்க்க அனுப்பியிருப்பார்களோ?

"அண்ணாச்சிக்கு ஆலை எதுவும் இருக்கா? தப்பா நினைக்காதீங்க. ஆலைக்காரங்க காசை நான் தொடமாட்டேன்."

"ஒரு செங்கச் சூளைகூடக் கிடையாதும்மா" என்று சிரித்தவர், சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார்.

உள்ளே கல்லூரியின் பெயருக்கு எடுத்த வங்கி டி.டி. தொகையைப் பார்த்ததும் கெசியா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருட வேலைக்குத் தாராளமாகப் போதும்.

"இம்புட்டுமா? நீங்க யாருன்னுகூட எனக்குத் தெரியாதே. என்னத்துக்கு இதைத் தாறீங்க?"

"ரிட்டயர் ஆனப்போ வந்த காசு. பிள்ளைங்க ரெண்டும் நல்லா இருக்காங்க, அவங்களுக்கு இது தேவைப்படாது. அதை விடு. அந்த ஆலைகளோட சர்டிபிகேட் எல்லாம் பாத்தியா?"

"முப்பத்தெட்டையும் வாங்கிப் பாத்துட்டேன். அத்தனையிலயும் மாசு வாரியத்து ஆபீசர் ஒருத்தரோட கையெழுத்துதான். பேரு வாசிக்க முடியாத மாதிரி கிறுக்கி வச்சிருக்காரு." கெசியாவின் குரல் சூடேறியது. "அந்த மனுசன் மட்டும் கையில கெடைச்சா ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். 'ஒரு நாளாவது இதையெல்லாம் கூட்டிப் பாத்தீரா வே'ன்னு கேப்பேன்."

பரமசிவன் கையிலிருந்த பாட்டிலை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இல்லம்மா" என்றார் மெதுவாக. "முப்பத்தெட்டையும் தனித்தனியாத்தான் பாத்துக் கையெழுத்துப் போட்டேன்."