பழைய கேசட் நுழையாத புது மாடல்

“இதுல பழைய கேம் கேசட்டைச் சொருக இடமே இல்லையே!” புதிதாக வந்திருந்த கையடக்க வீடியோ கேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கொதித்தார் அப்பா. ரிட்டயரான பிறகு அவருக்கு அதுதான் உலகம்.

“முதல் மாடல் செங்கல் மாதிரி இருந்தது. அடுத்ததுல கலர் வந்தது. மூணாவதை மடிக்க முடிஞ்சது. ஆனா ஒவ்வொண்ணும் முந்தின மாடலோட கேசட்டை மதிச்சு ஏத்துக்கிச்சு. இது மட்டும் பெத்தவங்களையே வாசல்ல நிறுத்துது. அலமாரி நிறைய வெச்சிருக்கேனே, அதையெல்லாம் கட்டிக்கிட்டு அழறதா?”

மகள் பொறுமையாக விளக்கினாள். “பழைய கேசட்டை ஓட்டத் தனி சிப் வேணும்பா. அதுக்குப் பெரிய பேட்டரி வேணும். ரெண்டையும் எடுத்தாதான் எடை குறையும்.”

“எடையைக் குறைக்கச் சொல்லி எவன் அழுதான்? இந்த வேலையைச் செஞ்ச புண்ணியவானை என் முன்னாடி கொண்டுவந்து நிறுத்து.”

“நின்னுட்டுதான் இருக்கேன்பா” என்றாள், அந்த கேமைத் தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள். “அந்த முடிவை எடுத்தது நான்தான். போன மாடல் கனமா இருக்கு, மணிக்கட்டு விண்ணுவிண்ணுன்னு தெறிக்குதுன்னு தினமும் போன்ல புலம்பினது யாரு?”

அப்பா கேமை மேஜைமேல் டொக்கென்று வைத்தார்.

“பொறந்ததுலேருந்து நான் சொன்ன எந்தப் பேச்சை நீ கேட்டிருக்கே? இதை மட்டும் ஏன் கேட்டுத் தொலைச்சே?”