ஏழாவது அடி

ஒத்திகை அறையின் ஜன்னல் வழியே இறங்கும் மதிய வெயில், சுழலும் இசைத்தட்டின் மேல் வழுக்குகிறது. குழுவின் நான்காவது ஆல்பம், இன்றுதான் கைக்கு வந்திருக்கிறது. முந்தைய மூன்றும் எடுபடவில்லை. இதுவும் படுத்தால் இசைத்தட்டு கம்பெனி கைகழுவிவிடும். டிரம்ஸ்காரன் கண்ணை மூடிக் கேட்கிறான். ஒரு பக்கம் முழுக்க ஓடும் அந்த நீண்ட பாட்டு, ஏழு அடிகள் கொண்ட தாளம். ஏழாவதை அவன் எப்போதும் மயிரிழை பிந்தித்தான் போடுவான். அந்தச் சின்ன இழுப்பில்தான் கிதார் மூச்சு வாங்கி அடுத்த சுற்றுக்குள் குதிக்கும். இப்போது ஏழாவது அடி டாணென்று நேரத்துக்கு விழுகிறது. அடுத்த சுற்றிலும் அப்படியே. முழங்காலில் தட்டும் அவன் விரல் மட்டும் தனியே பிந்துகிறது.

"மாமா, இது நான் வாசிச்சதே இல்லையே."

குழுவில் கீபோர்டு வாசிப்பவர் அவனுடைய அக்கா கணவர்; தூசியே இல்லாத ஆல்பம் அட்டையைச் சட்டை நுனியால் துடைக்கிறார். "கம்பெனியில கேட்டாங்க மாப்ள. உன் டிரம்ஸ எடுத்துட்டு மெஷின்ல போட்டுட்டோம். ஆனா அட்டையில பேரு உன் பேருதான்."

"மத்தவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அக்காவுக்கு?"

அவர் அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தைத் துடைக்கத் தொடங்குகிறார். "அவதான், தட்டு வர்ற வரைக்கும் உங்கிட்ட வாயத் திறக்காதீங்கன்னா."