மூன்று பேர் போதும்

மழைக்கு முந்தைய மஞ்சள் வெளிச்சம் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்க்கூடத்தில் எல்லார் முகத்திலும் விழுகிறது. துறைமுகப் பக்கமிருந்து ஒரு கப்பல் நீளமாக ஊதுகிறது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் பதினாறு குடும்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன. இந்தக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகும் கம்பெனியிடம் எல்லார் சார்பிலும் பேச ஒரு குழு வேண்டும். அதைச் சங்கமாகப் பதிவு செய்வதா, டிரஸ்டாகப் பதிவு செய்வதா என்று இன்றே முடிவு செய்தாக வேண்டும். "சங்கம்னா வருஷா வருஷம் எலெக்‌ஷன், சண்டை. டிரஸ்ட்னா மூணே பேரு, சுலபம்லா," என்கிறார் வழக்கறிஞர் கிரிதரன். பலர் தலையாட்டுகிறார்கள். காமினி எழுந்து கேட்கிறாள்: "அந்த மூணு பேரும் நம்ம வீட்ட விட்டுக்கொடுத்துட்டா, அவங்கள மாத்த முடியுமாண்ணே?" கிரிதரன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறார். "அப்படியெல்லாம் நடக்காதும்மா." பக்கத்து வீட்டு ஹாஜரா அக்கா அவள் கையைப் பிடித்து இழுக்கிறார். "உக்காருலா காமினி, படிச்சவரு சொல்றாரு." காமினி உட்காரவில்லை. மேசைமேல் காற்றில் படபடக்கும் டிரஸ்ட் படிவத்தை எட்டிப் பார்க்கிறாள். இன்னும் யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் அதில் மூன்று பெயர்கள் அச்சாகி இருக்கின்றன. மூன்றாவது, அவள் கணவன் மோகனராஜுடையது. "டிரஸ்டுக்குச் சம்மதிக்கிறவங்க கைய தூக்குங்க," என்கிறார் கிரிதரன். முன்வரிசையில் மோகனராஜ், அவள் பக்கம் திரும்பாமலே, முதல் ஆளாகக் கையைத் தூக்குகிறான்.