வெடிக்கக் கூடாத குண்டு

“முதல் அடி இஞ்சயிருந்து வராது. ஆனா நீங்கள் துவங்கினா, பிறகு இஞ்சயிருந்து என்ன வரும் எண்டு சொல்லத் தேவையில்லை.”

அன்று திங்கட்கிழமை. சாத்தியிருந்த அறைக் கதவுக்கு வெளியே, தோய்த்த உடுப்புக் கூடையோடு நித்தியானந்தன் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே கதைத்துக்கொண்டிருந்தது அவருடைய மனைவி விமலா.

“இவ்வளவு காலமும் அதைப் பாவிக்கேல்ல. பாவிக்க விருப்பமும் இல்லை. ஆனா இருக்கு. அதை மட்டும் மறந்திடாதேங்கோ.”

குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

பயப்படுவதற்குக் காரணம் இருந்தது. சிட்னியில், பிளாக்டவுனில் இருக்கும் அவருடைய தங்கை சுஜீவா குடும்பத்தோடு மெல்பேர்னுக்கு மாறி வருகிறாள். வீடு கிடைக்கும் வரை அங்கே வெரிபீயில் தங்களோடு வந்து இருக்கலாம் என்று நித்தியானந்தன் வாக்குக் கொடுத்துவிட்டார். விமலாவிடம் மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை.

போனமுறை சுஜீவா குடும்பம் ‘கொஞ்ச நாளைக்கு’ என்று வந்து, குளிர்காலம் முழுவதும் இருந்துவிட்டுப் போனது. அவளுடைய பிள்ளைகள் போன பிறகு வரவேற்பறைச் சுவர் முழுக்கத் திரும்பப் பெயின்ற் அடிக்க வேண்டியிருந்தது. விமலா பெயின்ற் வாளியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

‘விஷயம் தெரிஞ்சு போச்சு. எனக்குச் சொல்றதுக்கு ஒத்திகை பாக்கிறா’ என்று நினைத்த நித்தியானந்தன், சத்தமில்லாமல் கராஜுக்குப் போய்த் தங்கையை அழைத்தார்.

“சுஜீவா, ஒரு சின்னப் பிரச்சினை. இஞ்ச சுடுதண்ணி ஹீற்றர்…”

“பரவாயில்லை அண்ணை, நாங்கள் வேற இடம் பாக்கிறம்” என்றாள் சுஜீவா, அவர் சொல்லி முடிக்கும் முன்பே. “கட்டாயம் பாக்கிறம்.”

தங்கையின் பெருந்தன்மையை நினைத்து அவருக்குக் கண் கலங்கியது. அந்த வாரம் முழுவதும் குசினியைத் துடைத்தார். கேட்காமலே தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். விமலா அதை ஆறுதலாக இருந்து குடித்தாள்.

சனிக்கிழமை அவரை நகரத்தில் ஒரு கண்காட்சிக்குக் கூட்டிப்போனாள்.

“இதில என்ர வேலையும் ஒண்டு இருக்கு. முந்தியே சொன்னனான்.”

“எப்ப சொன்னனீர்?”

“நீங்கள் கிரிக்கெட் பாத்துக்கொண்டிருக்கேக்க.”

வாசலில் வரவேற்ற ஹரிப்பிரியாதான் அந்தக் கண்காட்சியை நடத்துகிறவள். “அங்கிள், இதெல்லாம் பனிப்போர் காலத்தில அமெரிக்க இராணுவமே எடுத்த டொக்குமென்ரரிப் படங்கள். அணுகுண்டு எங்களிட்ட இருக்குது, அதால ஒருத்தரும் கிட்ட வராதேங்கோ எண்டு சொல்ற படங்கள். தமிழ்க் குரல் எல்லாம் எங்கட விமலா அன்ரிதான்” என்று காதில் மாட்டும் ஹெட்போனை எடுத்து நீட்டினாள்.

திரையில் பெரிய உலகப் படத்துக்கு முன்னால், கையில் ஒரு கோலோடு இராணுவ அதிகாரி ஒருவர் நின்றார். காதுக்குள் விமலா பேசினாள்.

“முதல் தாக்குதலை நாம் தொடுக்கமாட்டோம். ஆனால் நாம் தாக்கப்பட்டால், எமது பதில் தவறாது வந்து சேரும். இந்த ஆயுதத்தின் வெற்றி, அது ஒருபோதும் பயன்படுத்தப்படாமல் இருப்பதிலேயே தங்கியுள்ளது.”

நித்தியானந்தனுக்கு நெஞ்சில் இருந்த பாரம் முழுவதும் இறங்கியது. வாய்விட்டே சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார அம்மா ஒருவர் அவரை விசித்திரமாகப் பார்த்துவிட்டுத் தள்ளிப்போனார்.

“அப்ப, ஒரு குண்டும் போடாமலே மற்ற ஆளை அடக்கி வைக்கிறதோ, பிள்ளை?”

“ஓம் அங்கிள். இருக்குது எண்டு அவைக்குத் தெரிஞ்சாப் போதும். அசையமாட்டினம்.”

நல்ல பகிடி என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்து சுஜீவாவை அழைத்தார். அவள் எடுக்கவில்லை. “தங்கச்சி, ஹீற்றர் சரியாப் போச்சு. நீங்கள் எல்லாரும் வாங்கோ, எவ்வளவு நாளும் இருங்கோ” என்று குரல்செய்தி விட்டார். ஒரு வாரமாக வளைந்திருந்த முதுகு நிமிர்ந்தது போலிருந்தது.

வெரிபீ ரயிலில் உட்கார்ந்ததும் அவரால் அடக்க முடியவில்லை.

“திங்கட்கிழமை அறைக்குள்ள நீர் கதைச்சதைக் கேட்டுப்போட்டு நான் பயந்தே போனன், விமலா. எனக்குத்தான் சொல்லப் போறீராக்கும் எண்டு நினைச்சன். பாத்தா, படத்துக்குப் பேசிப் பழகியிருக்கிறீர்!”

விமலா மடியில் வைத்து மண்டரின் தோடம்பழம் ஒன்றை உரித்துக்கொண்டிருந்தாள். பாதியை அவரிடம் நீட்டினாள்.

“இனி ஒளிக்க என்ன இருக்கு?” என்றார் அவர். “சுஜீவாவையள் எங்களோட வந்து இருக்கப் போயினம். இப்பதான் வரச்சொல்லிச் செய்தி விட்டனான்.”

“அவை வரமாட்டினம்.”

“ஏன் வரமாட்டினம்?”

“இந்தப் படத்துக்கு நான் ஜூன் மாசமே பேசி முடிச்சிட்டன்.”

நித்தியானந்தனின் கை, பழத்தோடு வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

“அப்ப திங்கட்கிழமை?”

“உங்கட தங்கச்சியோட போனில கதைச்சனான்.”